பழைய புத்தகப் பெட்டிக்குள் ஓர் எஞ்சின்

அன்பும் அடக்கமும், அவற்றைவிட அதிகமாக விளக்கெண்ணெய் வாடையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். இந்த ‘நலம்’ என்ற சொல்லை எல்லாரும் யோசிக்காமல் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய், சமையலறை வாசலில் நின்று, உங்கள் அத்தையின் தலை அது இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். இருக்கிறது. “என்னங்க, எதுக்கு இப்படி வந்து வந்து பாக்குறீங்க?” என்று கேட்டாள். மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றேன். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருக்க விரும்புகிறேன். மகளைப் பொறுத்தவரை மனதார விரும்புகிறேன். உங்களைப் பொறுத்தவரை என்ன விரும்புகிறேன் என்பதை இதை முழுக்கப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

போன முறை வந்தபோது கார் டிக்கியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கி, என்னைத் தொடக்கூட விடாமல் நீங்களே சுமந்து வந்து, “பழைய புத்தகம் மாமா, எங்க வீட்டுல இடம் இல்ல, கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்” என்று பின்னறையில் துணி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனீர்கள். என்ன பணிவு, என்ன குரல்! நானும் நம்பினேன். மாப்பிள்ளை படிக்கிறவர் என்று உங்கள் அத்தையிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன். சில நாளில் பெட்டிக்கு அடியில் தரை பளபளவென்று மின்னியது. தொட்டு மோந்து பார்த்தேன். விளக்கெண்ணெய். நானும் எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன் மாப்பிள்ளை. அழவைத்த புத்தகம் உண்டு, தூங்கவைத்த புத்தகம் உண்டு, எண்ணெய் கசிந்த புத்தகத்தை இப்போதுதான் பார்க்கிறேன். திறந்தால் உள்ளே, பழைய தலையணை உறையில் கைக்குழந்தையைப் போலச் சுற்றி, ஒரு எஞ்சின். பொம்மை விமானத்தில் வைக்கிற எஞ்சின். கைப்பிடிக்குள் அடங்கும். கூடவே மரத்தில் செதுக்கிய ஒரு புரொப்பல்லர், எரிபொருளாக ஊற்றுகிற எண்ணெய் பாட்டில், பேட்டரி, நுனியில் ரப்பர் சுற்றிய ஒரு குச்சி, ஒரு சின்ன விளக்கப் புத்தகம். ஆக, புத்தகம் என்று சொன்னதில் ஒரு புத்தகம் இருக்கத்தான் செய்தது. உங்களைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது.

இந்த எஞ்சினை எனக்கு நன்றாகத் தெரியும். நேரில் பார்த்ததில்லையே தவிர, என் மகள் தொலைபேசியில் அழுத அழுகையில் அதன் உருவம், எடை, குணம் எல்லாம் எனக்கு மனப்பாடம். உங்கள் ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்து, தையல் போடவைத்து, ஒரு மாதம் உங்களுக்குச் சட்டைப் பொத்தானை என் மகளையே மாட்டிவிடச் செய்த எஞ்சின் இதுதானே? “இன்னொரு தடவ அந்தச் சத்தம் கேட்டுச்சுன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்” என்று அவள் சொன்னாள். நீங்களும் விற்றுவிட்டேன் என்று சத்தியம் செய்தீர்கள். அவள் கோபித்துக்கொண்டு எந்த வீட்டுக்கு வருவாளோ அந்த வீட்டிலேயே எஞ்சினைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்களே, இந்த மூளையை என்னவென்று பாராட்டுவது? உங்கள் அலுவலகத்தில் இன்னும் பதவி உயர்வு தராமல் வைத்திருக்கிறார்கள் என்றால் அவர்கள் ரொம்பப் பொறுமையாக உங்களைக் கவனித்து வருகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

சரி, பெட்டியை மூடிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்கமாட்டீர்கள், ஆனால் மனதில் நினைப்பீர்கள். நான் யார் என்பது உங்களுக்கு மறந்து போயிருக்கலாம். உத்தியோகக் காலம் முழுக்க லிஃப்ட் பரிசோதகராக இருந்தவன். ‘எட்டு பேர் மட்டும்’ என்று லிஃப்டுக்குள் பலகை இருக்கிறதே, அதைப் படித்த பிறகும் ஒன்பதாவது ஆளாக ஒருவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறுவாரே, அவருக்காகவே வாழ்ந்தவன். எட்டு பேர் ஏறும் பெட்டிக்கு எட்டு பேரைத் தாங்கும் கயிறு போட்டால் போதாது, அதைப்போலப் பத்து மடங்கு தாங்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. அது தெரியாமல் அந்த ஒன்பதாவது ஆசாமி “ஒண்ணும் ஆகாது சார்” என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். சந்தேகமான இயந்திரம் எதுவானாலும் ‘பயன்படுத்தத் தடை’ என்று அச்சடித்த சிவப்பு அட்டையை நூலில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வருவேன். முதலாளியே வந்து காலில் விழுந்தாலும் அவிழ்க்கமாட்டேன். ஓய்வு பெற்றபோது மிச்சமிருந்த அட்டைகளைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன். வீட்டில் கால் ஆடுகிற ஸ்டூலுக்கு ஒன்று கட்டினேன், சூடு தாறுமாறாக ஏறும் இஸ்திரிப் பெட்டிக்கு ஒன்று கட்டினேன். யாருக்குமே அஞ்சாத கட்டிட முதலாளிகள் அஞ்சிய அட்டை அது; உங்கள் அத்தை அந்த அட்டை காற்றில் ஆட ஆட என் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். அது எங்கள் குடும்ப விஷயம், விடுங்கள். நான் சொல்ல வந்தது, பரிசோதிக்காத இயந்திரம் எதுவும் என் கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்பதுதான். ஆகவே பரிசோதித்தேன். ஆசைப்பட்டு ஓட்டிப் பார்த்ததாக யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் விளக்கப் புத்தகத்தைப் படித்தேன். எத்தனை கனிவான நடை! புரொப்பல்லரின் முன்னால் நிற்காதே, எஞ்சினைப் பின்னாலிருந்து மட்டும் சரிசெய், தளர்ந்த உடையும் கழுத்தில் தொங்கும் எதுவும் கூடாது, கிளப்பும்போது புரொப்பல்லரை விரலால் சுண்டாதே, குச்சியால் சுண்டு, எஞ்சினை ஆடாமல் அசையாமல் பூட்டு, புரொப்பல்லரின் இறக்கையில் மயிரிழைக் கீறல் விழுந்தாலும் உடனே தூக்கிப் போடு. இத்தனை ‘கூடாது’ போட்ட பிறகு கடைசிப் பக்கத்தில் ‘மகிழ்ச்சியான பொழுதுபோக்குக்கு எங்கள் வாழ்த்து’ என்று ஒரு வரி. நான் லிஃப்டுக்குள் இப்படி ஒரு பலகை மாட்டியிருந்தால் ஜனங்கள் பத்தாவது மாடிக்கும் படியேறியே போயிருப்பார்கள்.

அசையாமல் பூட்ட வேண்டும் என்றிருந்ததால் வீட்டிலேயே பலமான சாமானைத் தேடினேன். இரும்புச் சட்டம் போட்ட டீ வண்டி கிடைத்தது. எஞ்சினைப் பலகையில் திருகி, பலகையை அந்த வண்டியில் இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன், ஒரு இம்மி அசையவில்லை. பரிசோதனை என்பதால் முறைப்படி பழைய சீருடைச் சட்டையைப் போட்டு, அடையாள அட்டையையும் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். எண்ணெய் ஊற்றி, பிளக்கில் பேட்டரியை மாட்டி, குச்சியை எடுத்துப் பார்த்தேன். நாயை விரட்டுகிற குச்சி மாதிரி இருந்தது. விரலாலேயே சுண்டினேன். எஞ்சின் ‘டப்’ என்று பின்பக்கமாக உதைத்து என் ஆள்காட்டி விரலின் மேல் ஒரு சாத்து சாத்தியது பாருங்கள், நான் எழுப்பிய சத்தத்தில் எஞ்சினே கூச்சப்பட்டு நின்றுவிட்டது. விரல் வீங்கியது. உங்கள் விரலும் என் விரலும் இப்போது ஒரே கட்சி. அடுத்து குச்சியால் சுண்டினேன். பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் அந்த டீ வண்டிக்குச் சக்கரம் இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. எஞ்சின் வண்டியை விட்டு ஒரு இம்மி நகரவில்லை, அந்தப் பூட்டு அவ்வளவு நேர்த்தி. வண்டிதான் எஞ்சினோடு கிளம்பிவிட்டது. நான் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளை, சொந்த வீட்டின் கூடத்தில், சொந்த டீ வண்டி துரத்த, ஒரு மனுஷன் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஓடுகிற காட்சியை நீங்கள் பார்க்கவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். எதிர் வீட்டு ஜன்னலில் எல்லாரும் பார்த்தார்கள். அது கத்துகிற கத்தலோ பல் டாக்டரின் துளைக்கும் கருவி மாதிரியே இருக்கிறது. எங்கள் கீழ்வீட்டில் இருப்பவர் யார் என்றால் பல் டாக்டர். அந்த நேரம் அவருடைய நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு சாய்ந்திருந்தவர், மேலே யாருக்கோ இவ்வளவு பெரிய கருவியால் பல்லைக் குடைகிறார்கள், அடுத்தது தன் முறை என்று நினைத்து, கழுத்தில் கட்டிய துணியோடு தெருவில் இறங்கி ஓடிவிட்டார். டாக்டர் மேலே வந்து, “சார், நான் மயக்க ஊசி போட்டா அவங்களுக்கு வலிதான் போகும், காது கேக்காமப் போகாது” என்றார். ரொம்ப மரியாதையான மனுஷர். ஆனால் அன்றையிலிருந்து என்னைப் படியில் பார்த்தால் என் வாயைத்தான் பார்க்கிறார், கையில் சிக்கினால் எந்தப் பல்லில் தொடங்கலாம் என்று யோசிக்கிறார் போல.

ஓடிக்கொண்டிருந்த என்னிடம் திரும்ப வருகிறேன். வண்டி மேசைக் காலில் முட்டி நின்றது. நிறுத்தலாம் என்று குனிந்தேன். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் புரொப்பல்லர் பிடித்துக்கொண்டது. அப்போது என் மனதில் என்னென்ன ஓடியது என்று எழுத மாட்டேன். நல்லவேளை, கயிறு நைந்த கயிறு, அறுந்து வந்துவிட்டது. என் மூக்கு, ஒரு காது, பதவியின் பெயரில் பாதி ஆகியவை கூடம் முழுக்கத் துண்டு துண்டாகப் பறந்தன. உங்கள் அத்தை சமையலறையிலிருந்து வந்து, வண்டிக்குப் பின்பக்கமாகப் போய், எண்ணெய் போகிற ரப்பர் குழாயை இரண்டு விரலால் மடித்துப் பிடித்தாள். எஞ்சின் நின்றது. ஏதோ தற்செயலாகக் கை பட்டுவிட்டது, அவளுக்கு இதெல்லாம் தெரியாது.

கழற்றிப் பார்த்ததில், அடையாள அட்டையின் இரும்புக் கொக்கி அடித்து, ஒரு இறக்கையின் அடிப்பக்கத்தில் கீறல் விழுந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். நீங்களாக இருந்தால் “ஒண்ணும் ஆகாது மாமா” என்றிருப்பீர்கள். ஆகும். ஒரு நிமிடத்தில் பல ஆயிரம் சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு இறக்கையும் தன் எடையைப்போலப் பல நூறு மடங்கு பலத்தோடு வெளியே பாயப் பார்க்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது அந்த அடிப்பக்கத்து மரம் மட்டும்தான். வேகம் இரண்டு மடங்கானால் அந்த இழுப்பு இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். லிஃப்டில் ஒன்பதாவது ஆள் ஏறுவதை வாசலில் நின்று பார்த்துத் தடுக்கலாம். இங்கே வேகம் கூடக் கூட, கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஏறிக்கொண்டே இருக்கிறார்கள், பலகையும் இல்லை, மணியும் அடிப்பதில்லை. ஆகவே அந்தப் புரொப்பல்லருக்குத் தடை விதித்து, முறைப்படி சிவப்பு அட்டை கட்டி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு, பின்னறை ஆணியில் தொங்கவிட்டேன். பரிசோதனை முடிந்தது என்று பெட்டியையும் மூடிவிட்டேன். அடுத்து வந்த நாட்களில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தது உண்மை. வெயில் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் குற்றத்துக்கு வருகிறேன், நன்றாக உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒருநாள் எதேச்சையாகப் பெட்டியைத் திறந்தால், தலையணை உறைக்குள் இன்னொரு புரொப்பல்லர்! புத்தம் புதுசு. கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. முதல் தடவை நான் பார்க்காமல் விட்டிருக்கிறேன், நீங்கள் மாற்றுக்கென்று ஒன்றை அடியில் வைத்திருக்கிறீர்கள். ஆணியில் பார்த்தேன், பழையதைக் காணோம். உங்கள் அத்தை குப்பையில் போட்டிருப்பாள், என் சொல்லை இந்த வீட்டில் ஒரு தடவையாவது மதித்தாளே என்று மனம் குளிர்ந்தது. பரிசோதகரின் முறைப்படி, மாற்றுப் பாகம் வந்தால் மறுபரிசோதனை செய்தே ஆக வேண்டும். செய்தேன். இம்முறை டீ வண்டி கிடையாது, பின்னறையில் தையல் மெஷின் மேசை. அதற்குச் சக்கரம் இல்லை, தரையில் ஊன்றிய கால். அடையாள அட்டை கிடையாது. குச்சியால்தான் சுண்டினேன். பின்னாலேயே நின்றேன். உங்கள் அத்தை துணிக்கூடையோடு வந்தாள். பாதுகாப்பு கருதி நானே அவளை, “முன்னாடி நிக்காத, பக்கவாட்டுல, அலமாரிகிட்ட நில்லு” என்று நிறுத்திவைத்தேன். லிஃப்ட் கதவுக்கு எப்போதும் பக்கவாட்டில்தான் நிற்பார்கள். புத்தகத்தில் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் சிவப்புப் பட்டை போட்டு ஒரு படம் இருந்தது. அது அழகுக்குப் போட்டது என்று நினைத்தேன். இறக்கை உடைந்தால் நேராக அந்தப் பக்கவாட்டில்தான் பறக்கும் என்பதைப் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டால் மூக்குக்கண்ணாடி போட்டவன் எப்படிப் படிப்பான்?

எஞ்சின் முதலில் கரகரத்தது. அதில் ஊசித் திருகு என்று ஒன்று இருக்கிறது, உள்ளே திருகினால் எண்ணெய் குறையும், வேகம் கூடும். கொஞ்சம் திருகினேன். கரகரப்பு போய் ஒரு இழுப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் திருகினேன். அப்போது ஒரே சுருதியில் நிலைத்து நிற்கும் பாருங்கள் ஒரு சத்தம், உடம்பெல்லாம் சிலிர்க்கும். நான் ரசித்தேன் என்று எண்ண வேண்டாம், பரிசோதகர் என்ற முறையில் கவனித்தேன். இன்னும் ஒரு திருகு திருகிக் கவனித்தேன். ‘பட்’டென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பாதிப் புரொப்பல்லரோடு எஞ்சின் பேய் பிடித்த மாதிரி ஆடி, பலகையைப் பிய்த்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் விழுந்து செத்தது. மற்ற பாதியைக் காணோம். அப்புறம் பார்த்தேன். அலமாரிக் கதவில் ஏறி நின்றுகொண்டிருந்தது. உங்கள் அத்தையின் காது உயரத்தில். அந்த நொடியில் கூடையிலிருந்து ஒரு துணி கிளிப் கீழே விழுந்திருக்கிறது, அதை எடுக்க அவள் குனிந்திருக்கிறாள். ஒரு பிளாஸ்டிக் கிளிப், மாப்பிள்ளை. பத்து மடங்கு தாங்கும் கயிறு, இரட்டைப் பூட்டு, தானாக விழும் பிரேக் என்று ஊரான் உயிருக்கெல்லாம் அத்தனை காவல் போட்டேன். என் வீட்டுக்காரியின் உயிருக்கு ஒரு துணி கிளிப்தான் காவல் நின்றது. நான் நிதானத்தை இழக்கவில்லை. எண்ணெய்க் குழாயை மூடி, பேட்டரியைக் கழற்றி, முறைப்படி அறையைப் பார்வையிட்டேன். ஆனால் உங்களிடம் மறைப்பானேன், பயந்துவிட்டேன்.

ஆக, விளங்கிவிட்டதா? நான் தடை விதித்த புரொப்பல்லர் ஒழுங்காகத் தடை செய்யப்பட்டது. உடைந்தது உங்கள் மாற்று. மேலே பளபள, உள்ளே பழுது. எங்கேயோ மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, வார்னிஷ் அடித்ததைப் பார்த்து மயங்கி, மாமனார் வீட்டில் புத்தகம் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். பெண்ணைக் கொடுத்தவர்களுக்கு நீங்கள் செய்த கைம்மாறு பெரிது. இவ்வளவு நடந்தும் உங்கள் அத்தை உங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் திட்டத் தொடங்கினால், “போகட்டும் விடுங்க, மாப்பிள்ள என்ன பண்ணுவாரு, பாவம்” என்று பேச்சை மாற்றுகிறாள், முகத்தைக்கூட என் பக்கம் திருப்புவதில்லை. அவள் மனதுக்கு நீங்கள் தகுதியில்லை.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் இங்கே வருகிறீர்கள். என் மகள் உள்ளே நுழைவதற்கு முன்னால், எஞ்சின், எண்ணெய், குச்சி, எல்லாம் உங்கள் டிக்கியில் ஏறியிருக்க வேண்டும். அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்களோ, கடலிலோ கிணற்றிலோ, எனக்குக் கவலையில்லை. ஏறவில்லை என்றால், சாப்பாட்டு மேசையிலேயே, பெட்டி வந்த கதை, விற்றுவிட்டதாகச் செய்த சத்தியம், அலமாரிக் கதவில் இருக்கிற ஓட்டை, எல்லாவற்றையும் அவளிடம் நானே சொல்லிவிடுவேன். ‘எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்’ என்று சொல்ல அவளுக்கு அலைச்சல்கூட இல்லை, ஏற்கெனவே அங்கேதான் இருப்பாள். நீங்கள் தனியாகக் காரோட்டிக்கொண்டு போய், சட்டைப் பொத்தானை நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள். இனி என் வாழ்நாளில் அந்த எஞ்சினைக் கையால் தொடுவதாக இல்லை. இரண்டே தடவை ஓட்டினேன், இரண்டும் கடமைக்காக.

மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் ஆசிகள் உண்டு, மாமனார் என்ற கடமைக்காக. பத்து விரலும் பத்தாகவே நீடித்து இருக்க வாழ்த்துகிறேன். கவரை ஒட்டித் தபாலில் போடுவதற்காக இதை உங்கள் அத்தையிடம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நலத்தை இன்னும் முழுதாகக் கைவிட்டுவிடாத
மாமனார்

பி.கு.: மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது. ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். இவர் குளிக்கப் போயிருக்கிறார், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். இவர் புரொப்பல்லர் என்று எழுதியிருக்கிற அந்த விசிறிக்கு நீங்கள் மாற்று எதுவும் வைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அது அதே விசிறிதான். சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு இவர் ஜன்னலோரம் உட்கார்ந்த உட்காரலைப் பார்க்கச் சகிக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த பிறகு இந்த மனுஷன் முதல் தடவையாகச் சிரித்தது அந்த டீ வண்டிக்கு முன்னால் ஓடும்போதுதான். அதனால் அட்டையை அவிழ்த்து, கீறலில் பசை விட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நகப்பூச்சு இரண்டு பூச்சுப் பூசி, பெட்டியிலேயே வைத்துவிட்டேன். கப்பு, செருப்பு எல்லாம் ஒட்டுகிறோமே, இதற்கென்ன என்று நினைத்துவிட்டேன். இரண்டே தடவை ஓட்டியதாக எழுதியிருக்கிறார். நான் ஒட்டி வைத்த பிறகு தினமும் காலையில் ஓட்டினார், நான்தான் குழாயை மடித்து நிறுத்துவேன். அந்தத் திருகை அப்படித் திருகாமல் இருந்திருந்தால் என் பசை இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். இருந்தாலும் இனி எதை ஒட்டினாலும் விசிறியை ஒட்டமாட்டேன், இது சத்தியம்.

மகளிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியிருப்பதை நம்பாதீர்கள். சொன்னால் எஞ்சின் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்து, எண்ணெய் விட்டு, அந்தத் தலையணை உறையிலேயே சுற்றி வைத்திருக்கிறார். அவளிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். பெட்டியை எடுத்துப் போக வேண்டாம். எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று தரையில் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போங்கள், அது போதும்.

நிதானத்தை இழக்கவில்லை என்று எழுதியிருக்கிறாரே, அதுவும் இல்லை. குழாயையும் மூடவில்லை, பேட்டரியையும் கழற்றவில்லை. ஓடிவந்து என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முடியை விலக்கி விலக்கிப் பார்த்து, “ஏதாச்சும் ஆச்சா, சொல்லு, சொல்லு” என்று கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். ஒட்டியது நான்தான் என்று சொல்ல அப்போதே வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு சொல்ல வரவில்லை. தப்பு உங்களுடையது என்றால் நாலு பக்கம் திட்டி எழுதி ஆறிவிடுவார். என் கையாலேயே நான் போயிருப்பேன் என்று தெரிந்தால் அவர் இனி நிம்மதியாகத் தூங்கமாட்டார். அதனால் மாப்பிள்ளை, இந்த ஒரு தடவை தப்பு உங்களுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை வரும்போது முகத்தைக் கொஞ்சம் தொங்கப் போட்டுக்கொண்டு வாருங்கள், வந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஒரு புது விசிறியையும் பைக்குள் அடியில் வைத்து எடுத்து வாருங்கள்.